கமலேஸ்வரியக்கா பைக்குக் காசு கேட்டது

எங்கள் வாய்க்காலில் யாரிடம் கேட்டாலும் கமலேஸ்வரியக்காவைப் பற்றி ஒரே மாதிரித்தான் சொல்வார்கள். நல்ல மனிசி, ஆனால் பிடிவாதக்காரி. அந்த ‘ஆனால்’ போன நவம்பருக்குப் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. அதற்கு முன்னர் நல்ல மனிசி என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஒட்டவைத்தவர்களில் நானும் ஒருவன். அவரைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஆனால் வேறு யாரும் எழுதப் போவதில்லை. நான் இங்குள்ள விவசாயிகளின் கமக்கார அமைப்புக்குச் செயலாளர். கூட்டக் குறிப்பு எழுதி எழுதிக் கை பழகியவன் இந்தப் பக்கத்தில் நான் மட்டும்தான்.

வாய்க்கால் என்று நான் சொல்வது ஊரை. கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பிரிந்து வருகிற வாய்க்கால்களுக்கு எண் போட்டு, அந்த எண்ணையே குடியேற்றத்துக்கும் பெயராக வைத்துவிட்டார்கள். எங்களுடையது பதினோராம் வாய்க்கால். அறுபத்திரண்டு குடும்பம். எல்லாருடைய பூர்வீகமும் யாழ்ப்பாணப் பக்கம். எல்லாருடைய சீவியமும் இந்த வாய்க்கால் தண்ணீர். மழைக் காலத்துக் காலபோக வெள்ளாமைக்குத் தண்ணீர் குறைவில்லை. வெயில் காலத்துச் சிறுபோகம்தான் சோதனை. குளத்தில் இருப்பது கொஞ்சம், ஆகவே ஆளுக்கு ஒரு ஏக்கர்தான் விதைக்கலாம், ஒவ்வொருவருக்கும் இத்தனை மணித்தியாலம் தண்ணீர் என்று கூட்டம் போட்டு முறை வைப்போம். வாய்க்கால் தலைப்பில் இருப்பவர் தன் நேரம் முடிந்ததும் தன் வயலின் வாயை மண்ணால் அடைத்துவிட்டு அடுத்தவருக்கு விட வேண்டும். கடைசிக் காணி கமலேஸ்வரியக்காவுடையது. அதற்கு முந்தியது என்னுடையது.

இந்த முறையை யாரும் மீறுவதில்லை. நாங்கள் பெரிய யோக்கியர்கள் என்பதால் அல்ல. கோயில் கணக்கில் பிசகு வரும், வேலி எல்லையில் வெட்டுக்குத்து வரும், பனங்கிழங்குப் பாத்தியைக்கூடக் கிண்டிக்கொண்டு போவார்கள். தண்ணீரில் மட்டும் கை வைக்கமாட்டார்கள். ஒருவர் மறித்தால் அடுத்தவரின் பயிர் கண்ணெதிரே காயும். அந்த முகத்தில் பிறகு முழிக்க முடியாது. மீண்டும் குடியேறி வந்து பதினைந்து வருடத்தில் ஒரு தடவைகூட நான் அக்காவின் நேரத்தில் ஒரு நிமிடம் எடுத்ததில்லை.

கமலேஸ்வரியக்காவுக்குப் பத்தொன்பது வயதாக இருக்கும்போது தாய் செத்துப்போனார். தகப்பன் அதற்கு முன்னரே போய்விட்டார். தம்பி செந்தூரனுக்கு அப்போது ஐந்து வயது. வந்த கலியாணப் பேச்சுகளுக்கெல்லாம் தம்பி ஒரு ஆளாகட்டும் என்று மறுமொழி சொன்னார். தம்பி ஆளானான், பேச்சுகள் வருவது நின்றுபோனது. சண்டைக்காலம் முழுவதும் அவனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். சண்டை முடிந்து வவுனியா அகதி முகாமில் இருந்து திரும்பி வந்தபோது காணி இருந்தது, வீடு இருக்கவில்லை. தறப்பாள் கொட்டில் ஒன்றைப் போட்டு, சீனியும் தேயிலையும் நெருப்புப்பெட்டியும் வைத்துக் கடையைத் தொடங்கினார். பிறகு தகரம் வந்தது, கல்லுச் சுவர் வந்தது. பெயர்ப்பலகை மட்டும் வரவில்லை. கமலேஸ்வரி கடை என்றால் பஸ் சாரதிக்கே தெரியும்.

ஆரம்பத்தில் சாமான் கட்டிக் கொடுப்பது கடதாசிப் பையில். பள்ளிக்கூடப் பழைய கொப்பிகளையும் சோதனைத் தாள்களையும் வாங்கி, கோதுமை மாப் பசை காய்ச்சி, மத்தியானத்தில் கடையில் ஆள் இல்லாத நேரம் ஒட்டுவார். ஒருமுறை என் மகனின் கணிதத் தாள், நூற்றுக்குப் பன்னிரண்டு, செத்தல் மிளகாயைச் சுற்றிக்கொண்டு ஊர் முழுவதும் போய் வந்தது. மூன்று வீட்டுக்காரர் வந்து என்னிடம் ஆறுதல் சொன்னார்கள்.

பிறகு பொலித்தீன் சொப்பிங் பை வந்தது. ஒரு கட்டு வாங்கிக் கொழுவிவிட்டால் உருவி உருவிக் கொடுக்கலாம், பசை காய்ச்ச வேண்டியதில்லை. அக்காவும் கொடுத்தார். ஒரு இறாத்தல் பாணுக்கு ஒரு பை, அந்தப் பையைக் கொண்டுபோக இன்னொரு பை என்று கேட்டவர்களுக்கும் கொடுத்தார். செந்தூரன் கத்தாரில் இருந்து திரும்பி வந்து பாலத்தடியில் தானும் ஒரு கடை போட்டான். அக்காவுக்குப் போட்டியாகவா என்று ஊர் மூக்கில் விரல் வைத்தது. அவரோ தன் கடையில் இருந்த பெரிய தராசையும் சாமான் அடுக்கும் இரண்டு றாக்கையையும் தானே லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் ஏற்றி அனுப்பினார். இரண்டு கடைக்கும் சனம் காணும் என்றார். அது உண்மைதான், காணும்.

போன வருடச் சிறுபோகத்தில், யூலை மாதம், கடைசி இரண்டு காணிகளுக்கும் தண்ணீர் வரவில்லை. தலைப்பில் யாரோ மறிக்கிறார்கள் என்று நான் கத்திக்கொண்டு ஓடினேன். அக்கா அப்படி நினைக்கவே இல்லை. ஆக்கள் மறிக்கமாட்டினம், போய் மதகைப் பார் என்றார். றோட்டுக்குக் கீழே இருந்த மதகுக்குள் கையை விட்டால் பை. இழுக்க இழுக்கப் பை. சொப்பிங் பை, சோறு சுற்றும் லஞ்சீற், பிஸ்கற் பேப்பர், ஷாம்பு உறை எல்லாம் சேற்றோடு உருண்டு திரண்டு ஒரு மாட்டின் வயிறு அளவுக்கு அடைத்துக்கொண்டு கிடந்தன. நாலு பேர் அரை நாள் இழுத்தோம். அதற்குள் அக்காவின் கால் ஏக்கர் கருகிவிட்டது. அக்கா அந்தக் குவியலைக் கம்பால் கிளறிப் பார்த்தார். இதில பாதி என்ர கடையால வந்ததுதானே என்று மட்டும் சொன்னார்.

அந்த வருடம் ஒக்ரோபரில் காலபோகக் கூட்டம். நவம்பர் முதலாம் திகதி தொடக்கம் கடைகளில் பையைச் சும்மா கொடுக்கக்கூடாது, விலை எடுக்க வேண்டும், பில்லில் காட்ட வேண்டும் என்று அப்போதுதான் செய்தியில் அடிபட்டுக்கொண்டிருந்தது. விதைப்புத் திகதி எல்லாம் முடிவாகி எழும்பப் போகிற நேரம், கமலேஸ்வரியக்கா எழும்பி இந்த விசயத்தையும் இங்கேயே முடிவெடுப்போம் என்றார்.

அன்று நடந்த வாக்குவாதம் மாதிரி தண்ணீருக்குக்கூட நடந்ததில்லை. சட்டம் கொழும்புக் கடைகளுக்கு, எங்களுக்கு யார் பில் எழுதுகிறார்கள் என்றார் ஒருவர். இது ஏழைகளின் தலையில் இன்னொரு வரி என்றார் மற்றவர். மீனை எதில் கொண்டுபோவது, மடியிலா என்று பெண்கள் பக்கத்தில் இருந்து கேள்வி வந்தது, எல்லாரும் சிரித்தார்கள். பிஸ்கற் பேப்பரையும் ஷாம்பு உறையையும் செய்கிற கம்பனிகளை விட்டுவிட்டு ஒரு பைக்காக எங்களைப் பிடிப்பது என்ன நியாயம் என்று நான் கேட்டேன். இப்போதும் அது சரியான கேள்வி என்றுதான் நினைக்கிறேன். அக்கா எனக்கு நேராகப் பதில் சொன்னார்.

“பிஸ்கற் பேப்பரை நான் உண்டாக்கேல்லை, பாலன். பையை நான்தான் என்ர கையால உருவிக் குடுத்தனான். என்ர கையை நான் நிப்பாட்டலாம்தானே.”

அமைப்பின் தலைவர் வீரகத்தி அண்ணருக்கு விருப்பமில்லை. இது கடைக்காரர் பிரச்சினை, இதில் ஏன் கமக்காரர் கூட்டம் முடிவெடுக்க வேண்டும் என்றார். அதற்கு அக்கா சொன்னதுதான் எல்லாரையும் வழிக்குக் கொண்டுவந்தது. தண்ணி முறைக்குக் கட்டுப்படுகிற சனம் ஒரு பைக்குக் கட்டுப்படாதா, இந்தப் புத்தகத்தில் எழுதினால் யார் மீறுவார்கள் என்று கேட்டார். எங்களுக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது. புகழ்ச்சிக்கு மயங்காத ஆள் யார்? இரண்டு கடையும் பைக்கு ஐந்து ரூபா எடுப்பது, யாரும் சும்மா கேட்பதில்லை, சும்மா கொடுப்பதுமில்லை. பிரேரித்தவர் கமலேஸ்வரி. ஆமோதித்தவர் அவர் தம்பி செந்தூரன். எல்லாக் கையும் உயர்ந்தது. நான் ஒரு கையை உயர்த்திக்கொண்டு மற்றக் கையால் எழுதினேன்.

இங்கேதான் அக்கா பிழை விட்டார். எங்களை நன்றாகத் தெரிந்த ஒருவர்தான் அந்தப் பிழையை விடமுடியும். தண்ணீரை மறித்தால் ஒருவரின் பயிர் காயும், அந்த ஒருவர் வரம்பில் வந்து நிற்பார். ஒரு பையைச் சும்மா வாங்கினால் யாருடைய பயிர் காய்கிறது? யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

நவம்பர் முதலாம் திகதி அக்கா மட்டை ஒன்றில் பை ஐந்து ரூபா என்று எழுதிக் கட்டினார். முதல் நாலு நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. துணிப்பையும் பனையோலைப் பையும் உரப்பையும் கொண்டு வந்தார்கள். ஐந்தாம் நாள் போல என் மனைவி அருந்ததி பருப்பும் சீனியும் வாங்கிக்கொண்டு வந்தாள். சிவப்புக் கோடு போட்ட புத்தம் புதுப் பை. எங்கே வாங்கினாய் என்றேன். பாலத்தடியில் என்றாள். பைக்கு எவ்வளவு என்றேன். செந்தூரன் சும்மாதான் தருகிறான், அக்காவிடம் மட்டும் சொல்ல வேண்டாம் என்றானாம்.

இதை எழுதும்போது எனக்கே என் மேல் கோபம் வருகிறது. அன்று வரவில்லை. அன்று நான் செய்தது இவ்வளவுதான்: சரி, குசினிக்குள் வை என்றேன்.

காதும் காதும் வைத்தாற்போல் விசயம் வாய்க்கால் முழுவதும் பரவியது. பாலத்தடிக் கடையில் மேசைக்குக் கீழே பை. அக்காவின் கடை வாசலைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்பவர்கள் வாய்க்கால் கரையால் சுற்றிப் போனார்கள். அவசரக்காரர் சிலர் பையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு சைக்கிளை மிதித்தார்கள். ஒரு மாதத்துக்கு இருபது பை மிச்சம் பிடித்தால் என்ன வரும், நூறு ரூபா. கிளிநொச்சியில் குளிரூட்டிய கடையில் அதே ஐந்து ரூபா மெசின் பில்லில் விழுந்தால் வாய் திறக்காமல் கொடுத்துவிட்டு, தாங்ஸ் வேறு சொல்லிவிட்டு வருவோம். காசு அல்ல விசயம். ஊரில் எல்லாரும் சேர்ந்து ஒன்றை ஒளிப்பதில் ஒரு சந்தோசம் இருக்கிறது. அது கூடாத சந்தோசம், ஆனால் அது இருக்கிறது. சந்தியில் இரண்டு பேர் கண்ணைச் சிமிட்டிக்கொண்டால் போதும், அன்றைக்கு நாங்கள் எல்லாரும் சொந்தக்காரர்.

அறுபத்தொரு குடும்பத்துக்குத் தெரிந்தது. ஒருவருக்குத் தெரியாது.

பைக்காகப் போனவர்கள் பருப்பையும் அங்கேயே வாங்கினார்கள். பருப்பு வாங்கினவர்கள் தேங்காயெண்ணெயையும் வாங்கினார்கள். அக்காவின் கடையில் பாண் மிஞ்சத் தொடங்கியது. கறுத்த கதலிக் குலை வாசலிலேயே தொங்கியது. ஒருநாள் வயல் வரம்பில் சந்தித்தபோது என்னிடம் சொன்னார்: “சனத்தின்ர கையில காசில்லைப் போல கிடக்கு, பாலன். உரத்துக்கும் கிருமிநாசினிக்கும் குடுத்தே முடிஞ்சிருக்கும். பாவங்கள். கடனுக்கெண்டாலும் வாங்கச் சொல்லு, நான் ஒண்டும் சொல்லமாட்டன்.”

நான் ஓம் அக்கா என்றேன். எங்கள் மேல் இரக்கப்பட்டுக்கொண்டு நின்ற அந்த முகத்தைப் பார்த்து ஓம் என்றேன். சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டு, நெல்லு நல்லா முளைச்சிருக்கு என்று வேறு கதை மாற்றினேன்.

நவம்பர் கடைசியில் அந்தப் புயல் மழை வந்தது. இரண்டு நாள் வானம் மூடிக்கொண்டு ஊற்றியது. மூன்றாம் நாள் மழை விட்ட பிறகும் எங்கள் பக்கத்து வயல்களில் வெள்ளம் வடியவில்லை. ஒரு மாதப் பயிர் தண்ணீருக்குக் கீழே கிடந்தால் எத்தனை நாள் தாங்கும்? நானும், மூன்றாம் காணி ஜெயந்தனும், இன்னும் மூன்று பேரும் கழிவு வாய்க்கால் மதகடிக்குப் போனோம். அக்கா எங்களுக்கு முன்னரே அங்கே இடுப்பளவு தண்ணீரில் நின்றார். கம்பியால் கொழுவி இழுத்தோம். வந்தது பை. சேறு பிடித்த பழைய பைகளுக்கு மேலே நூறு, நூற்றைம்பது, புத்தம் புதிது, சிவப்புக் கோடு.

அக்கா ஒன்றைத் தண்ணீரில் அலசிப் பார்த்தார். என்ர கடையில இப்படி ஒரு பை வந்ததே இல்லை, இந்த மாதம் முழுக்க நான் பத்தொன்பது பைதான் வித்தனான், இது டவுனால வந்திருக்கும் என்று தனக்குள் கணக்குப் பார்த்தார். டவுனுக்குப் போகிற சனம் இவ்வளவு வாங்குமா என்றும் கேட்டார். நாங்கள் எல்லாரும் மதகுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தோம். ஜெயந்தன் இளந்தாரி, வாய் நிற்காது. டவுனுக்கு ஏன் அக்கா போகவேணும், பாலத்தடி கிட்டத்தானே என்று சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. சிரிப்பு வாயிலேயே நின்றுவிட்டது.

அக்கா எங்கள் ஐந்து பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். எந்த முகத்திலும் அதிர்ச்சி இல்லை. அதைக் கண்டுபிடிக்க அவருக்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

ஈர உடுப்போடு அப்படியே பாலத்தடிக்கு நடந்தார். எனக்குப் பயமாக இருந்ததால் பின்னால் போனேன். செந்தூரன் ஒரு பிள்ளைக்கு மாவு நிறுத்துக்கொண்டிருந்தான். அக்கா அந்தப் பையை மேசையில் விரித்து வைத்தார். சத்தம் போடவில்லை. அவனும் மறைக்கவில்லை. வியாபாரம் என்றால் இப்படித்தான், சட்டம் போட்டவர்களே வந்து பார்க்கவில்லை, நீங்கள் ஏன் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு திரிகிறீர்கள் என்று சாதாரணமாகச் சொன்னான். அக்கா வேறு ஒன்றைக் கேட்டார்.

“எத்தினை பேருக்குத் தெரியும்?”

“எல்லாருக்கும் தெரியும் அக்கா. உங்களுக்குத்தான் தெரியாது.”

அவன் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. கேட்டதற்கு உள்ளதைச் சொன்னான். ஐந்து வயதில் இருந்து வளர்த்த தம்பி காசுக்காக ஏமாற்றினான் என்றால் அக்கா ஒரு கிழமை அழுதுவிட்டு மன்னித்திருப்பார், எனக்குத் தெரியும். இது அப்படி இல்லை. வாசலில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“உனக்குமோ, பாலன்?”

“ஓம் அக்கா.”

“ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே.”

அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டினால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியாதா, ஆனால் அருந்ததி, பிள்ளைகள், ஊர், என்று எத்தனை காரணம் கையில் வைத்திருந்தேன். அவர் ஒன்றையும் கேட்கவில்லை.

இதற்குப் பிறகு ஊர் திருந்தி அவர் கடைக்குப் போயிருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். நடந்தது நேர்மாறு. பிடிபட்டவர்களுக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பார்க்க முடியாத ஒரு முகத்தின் மேல் மெல்ல மெல்லக் கோபம் வருகிறது. ஒரு பைக்காக இந்த மனிசி ஊரையே கள்ளராக்கிவிட்டாள் என்று ஒருவர் தொடங்கினார். கூடப்பிறந்த தம்பியையே கடை வாசலில் வைத்து மானம் கெடுத்தாள் என்று இன்னொருவர். பிடிவாதக்காரி என்ற பட்டம் இப்படித்தான் பிறந்தது. சுற்றிப் போவதற்கு இப்போது வேறு காரணமும் கிடைத்துவிட்டது. முன்பு பைக்காகப் போகாதவர்கள்கூட வெட்கத்துக்காகப் போகவில்லை.

அருந்ததி ஒருநாள் மனம் கேட்காமல் துணிப்பையை எடுத்துக்கொண்டு போனாள். அக்கா கேட்ட சாமானை நிறுத்துக் கொடுத்தார், மிச்சக் காசு கொடுத்தார், பிள்ளைகளின் படிப்பைக்கூட விசாரித்தாராம். எல்லாம் முன்பு போலத்தான். ஆனால் முந்தி நிறுத்த பிறகு இன்னும் ஒரு பிடி அள்ளிப் போடுவார், அன்றைக்குத் தராசு நேராக நின்றதும் நிறுத்திக்கொண்டார் என்று அருந்ததி வந்து அழுதாள். பிறகு அவளும் போகவில்லை.

தைப்பொங்கலோடு கடையைப் பூட்டினார். மிச்சச் சாமான்களைக் கிளிநொச்சிச் சந்தைக்காரர் ஒருவர் வந்து மொத்தமாக ஏற்றிக்கொண்டு போனார். கார்த்திகை வெள்ளத்தில் பாதி அழுகிய பயிரை அவர் தனியாக நின்று வெட்டுவித்தார். அதற்குப் பிறகு அவருக்கென்று மிஞ்சியது சிறுபோகத்து ஒரு ஏக்கர்தான். அதை விதைத்தால் சாப்பாட்டுக்குக் காணும். அதற்கு எங்கள் எல்லாரையும் தாண்டித் தண்ணீர் வர வேண்டும்.

ஏப்ரலில் சிறுபோகக் கூட்டம். பொதுநோக்கு மண்டபம் நிறையச் சனம். அக்கா பின் வரிசையில் வந்து இருந்தார். அவருக்கு இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு கதிரை வெறுமையாக இருந்தது, அதில் யாரும் போய் இருக்கவில்லை. செந்தூரன் வாசலில் தூணோடு சாய்ந்து நின்றான். வீரகத்தி அண்ணர் முறைப் பட்டியலை வாசித்துக்கொண்டு போனார். ஒவ்வொரு பெயருக்கும் ஓம் என்று குரல் வர, நான் பக்கத்தில் சரி அடையாளம் போட்டேன். கடைசிக் காணி, கமலேஸ்வரி, ஆறு மணித்தியாலம் என்று வாசித்தபோது ஓம் வரவில்லை. அக்கா எழும்பி நின்றார்.

“என்ர பேரை எடுத்துவிடுங்கோ, அண்ணை. நான் இந்தப் போகம் விதைக்கேல்லை.”

வீரகத்தி அண்ணர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பைப் பிரச்சினை வேறு, தண்ணீர் வேறு, அந்தக் கோபத்தை இதுக்குள் கலக்க வேண்டாம் என்று தகப்பன் மாதிரி எடுத்துச் சொன்னார். உங்களுக்கு வரவேண்டிய தண்ணீரை எந்தக் காலத்திலாவது யாராவது மறித்தார்களா என்று கேட்டார். நாங்களும் அதுதானே என்று தலையாட்டினோம். அக்கா கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, அவசரப்படாமல் சொன்னார்.

“நான்தான் அண்ணை முதல் கலந்தனான். தண்ணி முறையில நிக்கிற சனம் எண்டுதானே பைக் கதையையும் இந்தப் புத்தகத்தில எழுதுவிச்சனான். தம்பி குடுத்ததுகூடப் பெரிசில்லை. இவ்வளவு பேரும் ஒண்டாச் சேந்து ஒரு சொல்லு வெளிய விடாமல் எனக்கு ஒளிச்சியள். நீங்கள் காசில்லாமல் கஷ்டப்படுறியள் எண்டு நான் கவலைப்பட்டுக்கொண்டு திரிஞ்சன். இனி ஒருநாள் மேல இருந்து தண்ணி வரேல்லை எண்டால், மதகு அடைச்சிருக்கோ ஆக்கள் அடைச்சினமோ எண்டு நான் வரம்பில நிண்டு யோசிக்கவேணும். இத்தினை வருசமும் அப்பிடி ஒரு நாளும் யோசிச்சதில்லை. அப்பிடி யோசிச்சுக்கொண்டு ஒரு வெள்ளாமை செய்ய எனக்கு ஏலாது.”

செந்தூரன் தூணை விட்டு வெளியே இறங்கிப் போனான். யாராவது ஒருவர் எழும்பி, வேண்டாம் அக்கா, நாங்கள் பிழை விட்டுவிட்டோம், நீங்கள் விதையுங்கோ என்று சொல்வார்கள் என்று நான் காத்திருந்தேன். எல்லாரும் அதைத்தான் காத்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். அக்காவும் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“வெட்டு, பாலன்.”

பேனை என் கையில்தான் இருந்தது. வெட்டமாட்டேன் என்று நான் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். வெட்டினேன்.

அவர் போய்விட்டார். அடுத்த கிழமையே டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலைக்குச் சேர்ந்தார் என்று பிறகு கேள்விப்பட்டோம். அன்று மண்டபத்தில் இன்னும் ஒரு அலுவல் மிச்சம் இருந்தது. விதைக்காத காணியின் நேரத்தை என்ன செய்வது என்று வீரகத்தி அண்ணர் கேட்டார். அமைப்பின் விதிப்படி அது மேலே உள்ள காணிக்குப் போகும். மேலே உள்ளது என்னுடையது. உனக்குச் சம்மதமா என்று கேட்டார். தரிசாகக் கிடக்கும் நிலத்துக்குப் பக்கத்தில் அந்தத் தண்ணீரை எடுத்து விதைக்க எப்படி மனம் வரும் என்று எனக்குள்ளே கேட்டுப் பார்த்தேன். மனம் வந்தது. அவருடைய ஆறு மணித்தியாலத்தை என் பெயருக்கு நேரே என் கையாலேயே எழுதினேன். இந்தச் சிறுபோகம் பதினோராம் வாய்க்காலில் எல்லாரையும் விட எனக்குத்தான் நல்ல விளைச்சல்.